திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்த நினைவு: கனடாவின் நவம்பர் 11 பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நவம்பர் முதல் வாரம் கனடாவில் எந்த மருந்துக் கடைக்குள் நுழைந்தாலும் மூன்று பருவங்கள் ஒரே நேரத்தில் கண்ணில் படும். வாசலருகே பாதி விலைக்குத் தள்ளிவிட்ட ஹாலோவீன் மிட்டாய்ப் பைகள். உள்ளே இரண்டு வரிசை தாண்டினால் கிறிஸ்துமஸ் விளக்குச் சரங்கள், பிளாஸ்டிக் ஊசியிலை மரங்கள். பில் போடும் இடத்தில், சூயிங்கம் அடுக்குக்கும் அட்டை தேய்க்கும் கருவிக்கும் நடுவே, ஒரு சின்ன அட்டைப் பெட்டி. அதில், போரில் இறந்தவர்களின் நினைவாகச் சட்டையில் குத்திக்கொள்ளும் சிவப்பு பாப்பிப் பூக்கள் குவிந்திருக்கும். பெட்டியின் மேல்பக்கம் காசு போட ஒரு பிளவு இருக்கும்.

இந்த நாட்டுக்கு வந்த முதல் நவம்பரில், ஒரு கடை வாசலில் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு நின்ற முதியவரிடம் பூவின் விலை என்ன என்று கேட்டேன். விலை கிடையாது, மனசுக்குப் பட்டதைப் போடலாம், போடாமலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். அவரே ஒன்றை எடுத்து என் கோட்டின் இடப்பக்கம், நெஞ்சுக்கு நேராகக் குத்திவிட்டார். அந்தக் கடைவீதி முழுவதிலும் விலைச்சீட்டு இல்லாத பொருள் அது ஒன்றுதான். எனக்குள் அன்று விழுந்த கேள்விதான் இந்தக் கட்டுரை. இத்தனை வியாபார இரைச்சலுக்கு நடுவே, போரில் செத்தவர்களுக்கான நவம்பர் 11 என்ற ஒரு நாளை இந்த நாடு எப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறது?

தேடிப்போனபோது தெரிந்தது, எப்போதும் காப்பாற்றி வைத்திருக்கவில்லை என்பது. முழுதாகப் பத்து ஆண்டுகள் அந்த நாள் கைநழுவிப் போயிருந்தது. கடைக்காரர்கள் அதைப் பறிக்கவில்லை. நாடாளுமன்றம் சட்டம் போட்டே அதை வேறொரு பண்டிகையோடு சேர்த்துக் கட்டியது. அந்தப் பத்து ஆண்டுகளைத்தான் இங்கே முதலில் விரிவாகப் பார்க்க வேண்டும்.

போர் விட்டுச்சென்ற கணக்கு

முதல் உலகப் போர் தொடங்கியபோது கனடாவின் மக்கள்தொகை எண்பது லட்சத்தை எட்டியிருக்கவில்லை. அதில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ராணுவ உடை அணிந்தார்கள். அப்போது தனி ஆட்சிப் பகுதியாக இருந்த நியூஃபவுண்ட்லாந்தையும் சேர்த்தால், திரும்பாதவர்கள் 66,000-க்கும் மேல். உடல்கள் ஊருக்கு வரவில்லை. விழுந்த இடத்திலேயே, பிரான்சிலும் பெல்ஜியத்திலும் புதைக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கல்லறையே இல்லை. மகனைப் புதைத்த இடத்தைப் பார்க்கக் கடல் கடக்க வேண்டும், அதற்கு வசதி உள்ள குடும்பங்கள் கொஞ்சம்தான். ஆகவே ஒரு தாய்க்குக் கையில் மிஞ்சியது இரண்டு. ஒன்று, 1919 டிசம்பரில் தொடங்கி அரசு கொடுத்த வெள்ளிச் சிலுவைப் பதக்கம். இன்னொன்று, ஒரு தேதி.

அந்தத் தேதி 1918 நவம்பர் 11. அதிகாலையில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. காலை 11 மணிக்குத்தான் அமலுக்கு வரும் என்று ஏற்பாடு. இடைப்பட்ட அந்தச் சில மணி நேரத்திலும் ஆட்கள் விழுந்துகொண்டேதான் இருந்தார்கள். ஜார்ஜ் லாரன்ஸ் பிரைஸ் என்ற கனடியச் சிப்பாய், பெல்ஜியத்தின் மோன்ஸ் நகருக்குப் பக்கத்தில் உள்ள வில்-சூர்-ஐன் கிராமத்தில் மறைந்திருந்து சுட்டவனின் குண்டுக்கு இறந்தார். நேரம் காலை 10:58. நோவா ஸ்கோஷியாவில் பிறந்து, சஸ்காட்செவானின் மூஸ் ஜா ஊரிலிருந்து படைக்குப் போனவர், வயது 25. போர் முடிய இரண்டே நிமிடம் பாக்கி.

பின்னால் உலகம் முழுக்க வழக்கமான மௌனமும் இரண்டு நிமிடம்தான். அதற்கும் பிரைஸின் சாவுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அந்த மௌனத்தில் நிற்கும்போது எனக்கு அவர் ஞாபகம் வராமல் இருப்பதில்லை. 1919-ல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ், நவம்பர் 11 காலை 11 மணிக்கு எல்லா வேலையையும் நிறுத்தி இரண்டு நிமிடம் மௌனம் காக்கும்படி பேரரசு முழுவதற்கும் கேட்டுக்கொண்டார். கனடாவும் நின்றது.

அறுவடைப் பண்டிகையோடு ஒரு கட்டாயத் திருமணம்

இலையுதிர் காலத்தில் கனடாவுக்கு ஏற்கெனவே ஒரு பெரிய நாள் இருந்தது. தேங்க்ஸ்கிவிங், அதாவது விளைச்சலுக்கு நன்றி சொல்லும் நாள். 1879-லிருந்து ஆண்டுதோறும் அரசு அதை அறிவித்து வந்தது. நம் பொங்கலின் மனநிலைதான் அதற்கும். வீடு நிறைய ஆட்கள், வான்கோழி, பூசணிப் பணியாரம், ஊருக்குப் போய்வரும் கூட்டம். திங்கட்கிழமையில் வைத்தால் சனி, ஞாயிறு சேர்ந்து மூன்று நாள் விடுமுறையாகிவிடும். பயணம் போகிறவனுக்கும் வசதி, அவனிடம் விற்கிறவனுக்கும் வசதி.

1921-ல் நாடாளுமன்றம் போர்நிறுத்த நாள் சட்டத்தை நிறைவேற்றியது. நவம்பர் 11 வரும் வாரத்தின் திங்கட்கிழமைதான் போர்நிறுத்த நாள், தேங்க்ஸ்கிவிங்கும் அன்றுதான் என்று அது சொன்னது. ஒரே மாதிரியான பருவத்தில் இரண்டு விடுமுறை எதற்கு, ஒன்றாக்கினால் ஒரு வேலைநாள் மிச்சம் என்பது கணக்குப் புத்தகத்துக்குச் சரியாகத்தான் படும். இறந்தவர்களை நினைப்பதும் ஒரு வகை நன்றிதானே என்றும் வாதிடலாம்.

காகிதத்தில் பிசகில்லை. நாள்காட்டியை எடுத்துப் பார்த்தால்தான் விபரீதம் தெரியும். 1921-ல் நவம்பர் 11 வெள்ளிக்கிழமை. ஆனால் சட்டப்படி நினைவு நாள் நவம்பர் 7. 1922-ல் 11-ம் தேதி சனிக்கிழமை, நினைவு நாளோ 6-ம் தேதி. 1926-ல் வியாழன், நினைவு நாள் 8. இந்தச் சட்டம் உயிரோடு இருந்த 1921 முதல் 1930 வரை, நவம்பர் 11 தானாகவே திங்கட்கிழமையில் வந்தது ஒரே ஒரு முறை, 1929-ல். மீதி ஒன்பது ஆண்டுகளும் அரசு குறித்த நாள் ஒன்று, துப்பாக்கிகள் ஓய்ந்த நாள் இன்னொன்று.

நம் வீடுகளில் திதி கொடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் திதி வியாழக்கிழமை வருகிறது, எல்லோருக்கும் வசதியாக ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம், அப்படியே பிறந்தநாள் விருந்தையும் சேர்த்து முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் பாட்டி என்ன சொல்வாள்? அந்தத் தேதிக்குத்தான் அர்த்தம். அதை நகர்த்தினால் சடங்கு மிஞ்சும், அப்பா மிஞ்ச மாட்டார்.

அதேதான் கனடாவில் நடந்தது. திங்கட்கிழமை வந்தால் மக்கள் தேங்க்ஸ்கிவிங் கொண்டாடினார்கள். அதில் தப்பும் இல்லை, மேசையில் வான்கோழி இருக்கும்போது கண்ணீர் வராது. நவம்பர் 11 அன்று முன்னாள் சிப்பாய்களும் பறிகொடுத்த குடும்பங்களும் தேவாலயங்களிலும் உள்ளூர்ப் போர் நினைவுச் சின்னங்களிலும் கூடினார்கள். மற்றவர்கள் பெரும்பாலும் வரவில்லை. சட்டத்தில் போர்நிறுத்த நாள் என்ற பேர் இருந்தது. ஆனால் அதை நினைவாக அனுசரித்தவர்கள், எப்படியும் மறக்க முடியாத அந்தக் கொஞ்சப் பேர்தான்.

கூர்ந்து பார்த்தால், அந்தப் பத்து ஆண்டுகளில் யாரும் செத்தவர்களை அவமதிக்கவில்லை. நினைவு நாளுக்கு எதிராக யாரும் பேசவும் இல்லை. மரியாதையோடுதான் அதை ஓரங்கட்டினார்கள். இதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. எதிர்ப்பு என்றால் எதிர்த்து நிற்கலாம், வசதியை எதிர்த்து எங்கே போய் நிற்பது?

ஒரு தேதி, ஒரு சொல்

சிதறிக் கிடந்த பல முன்னாள் ராணுவத்தினர் சங்கங்கள் 1925 நவம்பரில் வின்னிபெக்கில் கூடி ஒரே அமைப்பாயின. இன்றைய ராயல் கனடியன் லீஜன் அப்படிப் பிறந்தது. 1928 வாக்கில் முன்னாள் சிப்பாய்களும் பல பிரமுகர்களும் சேர்ந்து, நினைவு நாளைத் தேங்க்ஸ்கிவிங்கிலிருந்து பிரித்துத் தர வேண்டும் என்று நெருக்கத் தொடங்கினார்கள்.

1931 மார்ச்சில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கோமோக்ஸ்-ஆல்பர்னி தொகுதியின் சுயேச்சை உறுப்பினர் ஏ. டபிள்யூ. நீல், போர்நிறுத்த நாளை நவம்பர் 11-ல்தான் அனுசரிக்க வேண்டும், வேறு எந்தத் தேதியிலும் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். அதே மாகாணத்தின் நனைமோ தொகுதி உறுப்பினர் சி. டபிள்யூ. டிக்கி ஒரு திருத்தம் சொன்னார். 'போர்நிறுத்த நாள்' என்பதை 'நினைவு நாள்' என்று மாற்ற வேண்டும் என்பது அது. இரண்டும் நிறைவேறின. அந்த ஆண்டே தேங்க்ஸ்கிவிங் அக்டோபர் 12-க்கு நகர்ந்தது. முதல் நினைவு நாள் 1931 நவம்பர் 11, புதன்கிழமை. வாரத்தின் நட்ட நடுவே, யாருக்கும் வசதியில்லாத ஒரு நாள்.

டிக்கியின் அந்தச் சின்னத் திருத்தத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். போர்நிறுத்தம் என்றால் ஜெயித்த கதை, ஒப்பந்தம், தளபதிகள், மன்னர்கள். நினைவு என்றால் மூஸ் ஜாவிலிருந்து போன பையன். அந்த ஒரு சொல் மாறியதால் அந்த நாள் 1918-ஓடு நின்றுவிடவில்லை. எட்டே ஆண்டுகளில் இன்னொரு உலகப் போர் வந்தது. அதில் 45,000-க்கும் மேற்பட்ட கனடியர்கள் இறந்தார்கள். கொரியப் போரில் 516 பேர், ஆப்கானிஸ்தானில் 158 ராணுவத்தினர். அத்தனை பேருக்கும் அதே நாளில் இடம் இருந்தது. தேங்க்ஸ்கிவிங்குக்கும் கெடுதல் எதுவும் வரவில்லை. 1957-லிருந்து அது அக்டோபரின் இரண்டாவது திங்கட்கிழமையில் நிலைத்துவிட்டது. கலகலப்பு அதன் நாளில், துக்கம் இதன் நாளில்.

இந்தத் தவறைக் கனடா மட்டும் செய்யவில்லை. அமெரிக்கா 1968-ல் போட்ட சட்டத்தால், 1971 முதல் முன்னாள் படைவீரர் நாளை அக்டோபரின் நான்காவது திங்கட்கிழமைக்கு மாற்றியது. நோக்கம் அதே மூன்று நாள் வாரக்கடைசி. மக்கள் ஏற்கவில்லை. பெரும்பாலான மாநிலங்கள் நவம்பர் 11-ஐ விடவில்லை. 1975-ல் ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் 1978 முதல் பழைய தேதியைத் திரும்பக் கொண்டுவந்தது. (அமெரிக்காவில் போரில் இறந்தவர்களுக்கான நாள் மே மாதத்தில் தனியாக இருக்கிறது, நவம்பர் 11 படையில் இருந்த எல்லோருக்கும் உரியது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பிரிட்டன் 1939-ல், போர்க்கால உற்பத்தி நிற்கக்கூடாது என்று நினைவை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளியது. அரை நூற்றாண்டு கழித்து, 1995-ல், 11-ம் தேதி மௌனத்தை மீட்க அங்குள்ள முன்னாள் வீரர் சங்கமான பிரிட்டிஷ் லீஜன் ஓர் இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. மூன்று நாடுகளும் தேதியைத் தொட்டன, மூன்றும் திரும்பி வந்தன.

கடைக்குள் ஒரு பூ

தேதி கிடைத்தாயிற்று. அந்தத் தேதியைச் சுற்றிக் கடைகள் நெருங்கி வந்தபோது என்ன ஆயிற்று என்பது இரண்டாம் பாகம்.

பாப்பியின் கதை பலருக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்டாரியோவின் குவெல்ஃப் ஊரைச் சேர்ந்த ராணுவ மருத்துவர் ஜான் மக்ரே, 1915 மே மாதம் நண்பரைப் புதைத்த கையோடு பெல்ஜியத்தின் போர்க்களத்தில் எழுதிய கவிதையில், சிலுவைகளுக்கு நடுவே பாப்பிகள் ஆடின. ஆன்னா கெரான் என்ற பிரெஞ்சுப் பெண்மணி அந்தப் பூவை நினைவின் அடையாளமாக்கும் யோசனையைக் கொண்டுவந்தார். 1921 ஜூலையில் போர்ட் ஆர்தரில், அதாவது இன்றைய தண்டர் பேயில், கூடிய கனடிய முன்னாள் வீரர்கள் அதை ஏற்றார்கள். கவனியுங்கள், அதே 1921. நாடாளுமன்றம் தேதியைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிய ஆண்டிலேயே சிப்பாய்கள் தங்களுக்கென்று ஒரு பூவைத் தேடிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு முதல், உடல் ஊனமுற்ற முன்னாள் வீரர்கள் டொரண்டோவிலும் மொன்றியாலிலும் இருந்த பட்டறைகளில் துணியில் பாப்பி செய்யத் தொடங்கினார்கள். கை இழந்தவர்களுக்கும் கால் இழந்தவர்களுக்கும் அது கூலியாகவும் இருந்தது.

பூ சட்டையில் ஏறுவது அக்டோபரின் கடைசி வெள்ளிக்கிழமை, இறங்குவது நவம்பர் 11. இந்தச் சின்ன விதி இல்லாவிட்டால் பாப்பி எப்போதோ சாயம் போயிருக்கும் என்று நினைக்கிறேன். ஆண்டு முழுக்கக் குத்திக்கொள்ளும் சின்னத்தை யாரும் பார்ப்பதில்லை.

வியாபாரத்தைப் பொறுத்தவரை முக்கியமான விஷயம் வேறு. 1948-ல் நாடாளுமன்றம் பாப்பிச் சின்னத்தைப் பாதுகாக்கும் பொறுப்பை லீஜனிடம் ஒப்படைத்தது. அது பதிவு செய்யப்பட்ட வணிகச் சின்னம். யாரும் அதைத் தன் பொருளின் மேல் அச்சடித்து லாபம் பார்க்க முடியாது. வியாபாரிகள் தங்கள் பெயரைக் காக்கப் பயன்படுத்தும் அதே சட்டக் கருவியை எடுத்து, ஒரு பூவை வியாபாரத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறார்கள். பெட்டியில் விழும் காசும் தனி அறக்கட்டளை நிதியாகவே வைக்கப்படுகிறது. முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உதவத்தான் அது முக்கியமாகச் செலவாகிறது.

அப்புறம் இதையும் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டி கடைகளில்தான் வாழ்கிறது. மருந்துக் கடை, மளிகைக் கடை, வங்கி, காபிக் கடை. கடைக்காரர் ஓர் ஓரத்தில் இடம் கொடுக்காவிட்டால் அந்தப் பூ இத்தனை சட்டைகளுக்குப் போய்ச் சேராது. வியாபாரத்தை எதிரியாக வைத்தே யோசித்து வந்த எனக்கு இது புரியக் கொஞ்சம் காலம் ஆயிற்று.

இரண்டு உரசல்கள்

2012 நவம்பர் தொடக்கத்திலேயே ஷாப்பர்ஸ் டிரக் மார்ட் என்ற மருந்துக் கடை நிறுவனம் தன் கடைகளில் கிறிஸ்துமஸ் பாட்டுப் போடத் தொடங்கியது. வாடிக்கையாளர்களிடமிருந்து புகார் குவிந்தது, சில நாட்களிலேயே நிறுவனம் பாட்டை நிறுத்தியது. இவ்வளவு சீக்கிரம் கிறிஸ்துமஸா என்ற சலிப்பும் அதில் கலந்திருந்தது, உண்மைதான். ஆனால் நினைவு நாள் கழியட்டும், பிறகு விளக்குப் போடலாம் என்ற குரல் கனடாவில் ஒவ்வோர் ஆண்டும் அக்கம்பக்கத்தில் கேட்கிற ஒன்று. பலர் தங்கள் வீட்டு வாசலிலேயே இந்தக் கணக்கை வைத்திருக்கிறார்கள். ஹாலோவீன் பூசணிக்காய் உள்ளே போகும், 11-ம் தேதி வரை வாசல் வெறுமையாக இருக்கும், அதன்பிறகுதான் விளக்கு ஏறும். டொரண்டோவில் 1905-ல் ஈட்டன்ஸ் பல்பொருள் அங்காடி தொடங்கிவைத்த சான்டா கிளாஸ் ஊர்வலமும் இப்போது நினைவு நாள் முடிந்த பிறகே நடக்கிறது.

இரண்டாவது உரசல் பெரியது. 2020 நவம்பரில் ஹோல் ஃபுட்ஸ் என்ற மளிகைக் கடைகளில் வேலை செய்பவர்கள் சீருடையின் மேல் பாப்பி அணியக் கூடாது என்பது வெளியே வந்தது. அமேசானுக்குச் சொந்தமான நிறுவனம் அது. பாப்பிக்கு எதிராகத் தனியாக எதுவும் சொல்லவில்லை. சீருடையில் கூடுதலாக எதுவும் இருக்கக் கூடாது என்ற பொது விதி, அவ்வளவுதான் அவர்கள் தரப்பு. அப்போதைய பிரதமர் ட்ரூடோ கண்டித்தார், ஒன்டாரியோ முதல்வர் டக் ஃபோர்டு இதற்குச் சட்டமே கொண்டுவருவேன் என்றார், நாடாளுமன்றத்தில் கட்சி வேறுபாடு இல்லாமல் எதிர்ப்பு எழுந்தது. நவம்பர் 6 அன்று, அந்த ஒரே நாளுக்குள், நிறுவனம் பின்வாங்கியது.

1921-ஐப் போலவே இங்கும் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எல்லோருக்கும் ஒரே விதி என்ற நிர்வாக வசதி மட்டுமே. ஆனால் 1921-ல் நழுவவிட்ட நாட்டுக்கு அதைத் திருத்தப் பத்து ஆண்டு பிடித்தது, 2020-ல் ஒரு பொழுதுகூட ஆகவில்லை. என் கணிப்பு இதுதான். 1921-ல் பூவும் மௌனமும் அப்போதுதான் முளைத்திருந்தன, மக்களிடம் "இது எங்களுடையது" என்று சுட்டிக் காட்ட வேரூன்றிய ஒன்றும் இல்லை, ஒரு பொதுவான மரியாதை உணர்வு மட்டுமே இருந்தது. 2020-ல் எல்லோருக்கும் பழகிப்போன ஒரு பூ இருந்தது, பதினைந்து நாள் காலக்கெடு இருந்தது, இரண்டு நிமிடம் இருந்தது. கேட்பது அவ்வளவு சின்னதாக, அவ்வளவு துல்லியமாக இருக்கும்போது அதை மறுப்பவன் உடனே கண்ணில் பட்டுவிடுகிறான்.

விடுமுறை விட வேண்டுமா?

இந்தக் கேள்விக்குக் கனடாவிடம் ஒரே பதில் இல்லை. பெரும்பாலான மாகாணங்களில் நவம்பர் 11 சம்பளத்துடன் விடுமுறை. மக்கள்தொகையில் முதல் இரண்டு இடங்களில் உள்ள ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் அப்படி இல்லை. நோவா ஸ்கோஷியாவில் பெரும்பாலான கடைகளை அன்று மூடியாக வேண்டும். மனிடோபாவில் காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை மூட வேண்டும், அதன்பிறகு திறக்கலாம்.

2014-ல் நாடு முழுக்கச் சட்டபூர்வ விடுமுறை என்ற அந்தஸ்தைக் கொடுக்க மசோதா ஒன்று வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 22 அன்றுதான் ஒட்டாவாவில் பெயர் தெரியாத வீரரின் கல்லறைக்குக் காவல் நின்ற கார்ப்பரல் நேதன் சிரிலோ சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். உணர்ச்சி கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம். யாராவது எதிர்ப்பார்கள் என்றே தோன்றாது. எதிர்த்தது லீஜன். விடுமுறை விட்டால் அது இன்னொரு ஓய்வு நாளாகிப் போய்விடும், பிள்ளைகள் பள்ளியில் இருந்தால்தான் அந்த 11 மணியில் ஒன்றாக நிற்பார்கள் என்பது அவர்களுடைய பயம். 1920-களை நினைத்துப் பார்த்தால் அந்தப் பயம் நியாயமானது. பின்னால் வேறொரு மசோதா 2018-ல் சட்டமாகி, மத்தியச் சட்டத்தில் நினைவு நாளுக்குச் சட்டபூர்வ விடுமுறை என்ற சொல் கிடைத்தது. மாகாணங்கள் தங்கள் வழியிலேயே தொடர்கின்றன.

என்னைக் கேட்டால் மனிடோபா ஏற்பாடுதான் மனித சுபாவத்தை நன்றாகப் புரிந்துகொண்டது. காலையில் நிறுத்து, பகலில் திற. முழு நாளையும் கேட்டால் மக்கள் அதை வேறு எதையாவது கொண்டு நிரப்பிவிடுவார்கள். நியூஃபவுண்ட்லாந்து இதைவிடக் கடினமான ஒன்றை ஆண்டுதோறும் செய்கிறது. 1916 ஜூலை 1, போமோன்-அமெல் என்ற இடத்தில் அவர்களுடைய படைப்பிரிவில் சுமார் 800 பேர் தாக்குதலுக்குப் புறப்பட்டார்கள். மறுநாள் காலைப் பெயர் அழைத்தபோது பதில் சொன்னவர்கள் 68 பேர். கனடாவின் தேசிய நாளும் அதே ஜூலை 1. ஆகவே அங்கே காலையில் நினைவுச் சின்னத்தின் முன் துக்கம், அது முடிந்த பிறகுதான் கொண்டாட்டம். இரண்டையும் கலக்காமல் ஒரே நாளுக்குள் முன்பின்னாக அடுக்கியிருக்கிறார்கள்.

அடகுக் கடையில் கிடந்த பதக்கம்

நம்மைப் போலக் கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு இந்த நாளோடு என்ன உறவு என்று சிலர் கேட்பதுண்டு. அவர்களுக்காக ஒன்று. பக்கம் சிங் பஞ்சாபில் பிறந்து, சிறு வயதிலேயே பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தவர். 1915-ல் கனடியப் படையில் சேர்ந்தார். முதல் உலகப் போரில் கனடாவுக்காகச் சண்டையிட்ட சீக்கியர்கள் சுமார் பத்துப் பேர், அவர்களில் ஒருவர். இரண்டு முறை காயப்பட்டார். காசநோய் பிடித்து 1919-ல், 25 வயதில், ஒன்டாரியோவின் கிச்னர் நகரில் இறந்தார். அங்கேயே மவுண்ட் ஹோப் இடுகாட்டில் புதைக்கப்பட்டார். குடும்பம் பக்கத்தில் இல்லை. வாக்குரிமைகூட மறுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளை அவர். சுமார் தொண்ணூறு ஆண்டுகள் அந்தக் கல்லறையை யாரும் தேடவில்லை.

2000-களின் பிற்பகுதியில், இங்கிலாந்தில் ஓர் அடகுக் கடையில் விற்பனைக்குக் கிடந்த அவருடைய வெற்றிப் பதக்கத்தை வரலாற்று ஆர்வலர் ஒருவர் வாங்கினார். விளிம்பில் பொறித்திருந்த பெயரைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் கல்லறையைக் கண்டுபிடித்தார்கள். இப்போது ஒவ்வொரு நவம்பரிலும் சீக்கியர்கள் அங்கே கூடி நினைவு நிகழ்ச்சி நடத்துகிறார்கள். ஒரு சிப்பாயின் உயிருக்கு ஈடாகக் கிடைத்த உலோகம் கடையில் விலை போட்டுக் கிடந்தது, அந்தக் கடையிலிருந்தே அவர் மீண்டும் வந்தார்.

டொரண்டோவில் நம்மவர்களுக்கு நவம்பர் இன்னும் நெரிசலானது. 2012, 2015, 2023 ஆகிய ஆண்டுகளில் தீபாவளியும் நினைவு நாளை ஒட்டியே வந்தது. இனிப்புக் கடையிலும் புடவைக் கடையிலும் நிற்க இடம் இருக்காது. ஈழத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு அதே மாதத்தில் தங்கள் சொந்த இழப்புகளை நினைக்கும் நாளும் உண்டு. அது தனியே எழுத வேண்டியது. பள்ளியில் 11 மணிக்கு எழுந்து நின்ற பிள்ளை, மாலையில் வீட்டுக்கு வந்து மத்தாப்புக் கொளுத்துகிறது. கோட்டில் பாப்பியோடு லட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு உறுத்தவில்லை. இரண்டுக்கும் அதனதன் நேரம் இருந்தது.

இணையத்தில் இப்போது 11-ம் தேதிக்கு வேறொரு பெயரும் இருக்கிறது. நான்கு ஒன்றுகள் வரிசையாக நிற்கும் தேதி என்பதால் சீனாவில் தனியாக வாழ்பவர்களின் நாளாகத் தொடங்கி, 2009-ல் அலிபாபா அதை விற்பனைத் திருவிழாவாக்கி, இன்று உலகின் மிகப் பெரிய தள்ளுபடி நாட்களில் ஒன்றாக அது நிற்கிறது. 1921-ல் தேதி நகர்ந்தது, இப்போது அதே தேதிக்கு இன்னொரு பெயர் வந்து ஒட்டுகிறது. இதை எந்த நாடாளுமன்றமும் தீர்மானம் போட்டுப் பிரிக்க முடியாது.

பதினொரு மணி

ஒட்டாவாவின் தேசியப் போர் நினைவுச் சின்னத்தின் முன் 2000-ல் பெயர் தெரியாத வீரரின் கல்லறையை அமைத்தார்கள். பிரான்சில் விமி பக்கத்து இடுகாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட உடல் அது. அந்த ஆண்டு நினைவு நாள் நிகழ்ச்சி முடிந்ததும், யாரும் சொல்லாமலேயே, கூட்டத்தில் இருந்தவர்கள் தங்கள் சட்டையிலிருந்த பாப்பியைக் கழற்றிக் கல்லறையின் மேல் வைத்தார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர். சிறிது நேரத்தில் கல் தெரியவில்லை, சிவப்புதான் தெரிந்தது. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. நடுகல்லுக்குப் பீலி சூட்டிய மரபில் வந்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கனடியப் போர் அருங்காட்சியகம் இருக்கிறது, 2005-ல் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ரேமண்ட் மோரியாமா அதில் நினைவுக் கூடம் ஒன்றை அமைத்தார். வெறும் கான்கிரீட் சுவர்கள், ஒரே ஒரு சன்னல். எதிர்ச் சுவரில், அந்தப் பெயர் தெரியாத வீரரின் பழைய கல்லறைக் கல். நவம்பர் 11 காலை 11 மணிக்குச் சூரிய ஒளி அந்தச் சன்னல் வழியாக வந்து நேராக அந்தக் கல்லின் மேல் விழும்படி கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார். மேகம் மூடியிருந்தால் ஒளி வராது. நவம்பரில் ஒட்டாவா வானம் மூடியிருப்பது சகஜம்தான். ஆட்கள் அப்படியும் வந்து, சன்னலையும் கல்லையும் பார்த்தபடி, அந்தச் சின்ன அறையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.